மணலியா, மண்ணடியா, ஓ.எம்.ஆரா? கைப்புள்ள இருக்குற வீட்டுக்கு எந்த ஆபீஸ் ஒத்துவரும்

திருவொத்தியூர்ல இருக்குற என் சித்தி பொண்ணுக்கு ஒரே மாசத்துல மூணு எடத்துல இருந்து வேலைக்குக் கூப்ட்டிருக்காங்க. பி.காம் முடிச்சவ, டேலி தெரியும், கல்யாணத்துக்கு முன்னாடி பில்லிங்ல இருந்த அனுபவம் இருக்கு, புள்ளைக்கு இப்போ ஒன்றரை வயசு, ரெண்டு வருஷம் வீட்ல இருந்துட்டு திரும்பக் கெளம்புறா. வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அவ புருஷன் சம்பளம் எங்க ஜாஸ்தியோ அங்க போன்றாரு, மாமியார் கூப்டு தூரத்துல பாரும்மான்றாங்க, எங்க சித்தி கம்பெனி வேலைனா தான் நாளைக்கு ஒரு மரியாதைன்றாங்க. நான் பாரிஸ் கார்னர்ல ரொம்ப வருஷமா சம்பள ஷீட்டு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு)னு இதுலயே குப்பை கொட்டுறவ, அதனால ‘அக்கா நீயே பாத்து சொல்லு’னு மூணு ஆஃபரையும் வாட்ஸப்புல தள்ளி விட்டுட்டா. அவளுக்கு சொன்னதை கொஞ்சம் விரிச்சு எழுதுறேன், ஏன்னா நம்ம பக்கம் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர்னு நெறைய பொண்ணுங்க இதே கணக்கைத் தான் போட்டுட்டு இருக்காங்க.

மொதல்ல மூணும் என்ன வேலைனு பாத்துருவோம். ஒண்ணு ஓ.எம்.ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு பிபிஓ (வேற கம்பெனிங்க வேலைய வாங்கி செஞ்சு தர்ற ஆபீஸ்), 24,000 சம்பளம், மெடிக்கல் இன்சூரன்ஸ், கேப், ஆபீஸ் உள்ளயே க்ரெச் (புள்ளைங்கள பாத்துக்கற எடம்), வாரத்துல ரெண்டு நாளு வீட்லருந்து வேலைனு பேப்பர்ல போட்டிருக்கான், ஷிப்ட் மட்டும் மாறும். ரெண்டாவது மணலியில ஒரு ஃபேக்டரி, டெஸ்பாட்ச் செக்ஷன்ல (சரக்கு வெளிய அனுப்புற எடம்) என்ட்ரி போடுற வேலை, 19,500, காலைல எட்டரைக்கு உள்ள, சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய, வாரத்துல ஆறு நாளு, கம்பெனி வேன், கேன்டீன், இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் உண்டு. மூணாவது மண்ணடியில ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் (கப்பல் சரக்குக்கு சுங்க பேப்பர் வேலை பாத்துத் தர்றவங்க), மொத்தமே எட்டு பேரு, 17,000, காலைல பத்து மணிக்கு வந்தா போதும், ஓனர் தங்கமான மனுஷன், புள்ளைக்கு ஒடம்பு சரியில்லனு சொன்னா கெளம்பு கெளம்புனு அனுப்புற ஆளு, ஆனா பிஎஃப் கெடையாது இஎஸ்ஐ கெடையாது, ஆஃபர் லெட்டரே கெடையாது, ஓனர் வாட்ஸப்புல போட்ட ரெண்டு வரி தான் ஆஃபர்.

எல்லாரும் இதை சம்பளத்துல இருந்து கம்பேர் பண்ண ஆரம்பிக்கிறாங்க. நான் அவகிட்ட சொன்னது, சம்பளத்தை அப்பறம் எழுது, மொதல்ல உங்க வீட்டு கடிகாரத்தை எழுது. அவ வீட்ல புள்ளைய யாரு பாத்துக்கறது? எங்க சித்தி காசிமேட்டுல மீன் எடுத்து விக்கிறவங்க, விடியறதுக்கு முன்னாடியே ஏலத்துக்குப் போயிருவாங்க, வித்து முடிச்சு குளிச்சுட்டு பொண்ணு வீட்டுக்கு வந்து சேர காலைல பத்து ஆயிடும், அதுக்கப்பறம் ராத்திரி வரைக்கும் ஆயா (அதான் சித்தி) பொறுப்பு, பிரச்சனையே இல்ல. மாமியாருக்கு முட்டி வலி, ஒன்றரை வயசுப் புள்ளை பின்னாடி ஓட அவங்களால முடியாது, படுக்க வெச்சா பாத்துப்பாங்க அவ்ளோதான். புருஷன் மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல ரீச் ஸ்டேக்கர் (கன்டெய்னரைத் தூக்கி அடுக்குற வண்டி) ஓட்டுறாரு, வாரா வாரம் ஷிப்ட் மாறும். ஆக இந்த வீட்ல ஓட்டை எங்க இருக்குன்னா காலைல ஏழரைல இருந்து பத்து வரைக்கும். எந்த ஆபீஸ் இந்த ரெண்டரை மணி நேரத்துக்கு ஒத்து வருதோ அது தான் அவளுக்கு சப்போர்ட் பண்ற ஆபீஸ், மத்த பெனிஃபிட்டு லிஸ்ட்டெல்லாம் அதுக்கப்பறம்.

(ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போ சித்தி முக்கால்வாசி வீட்ல தான் இருப்பாங்க. அதனால தடைக்காலத்துல வேலைக்கு சேந்தா மொத ரெண்டு மாசம் எல்லாமே சூப்பரா போற மாதிரி தெரியும், ஜூன் பாதிக்கு மேல தான் பேஜாரு ஆரம்பிக்கும்.)

இப்போ ஓ.எம்.ஆர். பேப்பர்ல பாத்தா இது தான் நம்பர் ஒன், க்ரெச் இருக்கு இன்சூரன்ஸ் இருக்கு எல்லாம் இருக்கு. 2017ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தினப்போ 50 பேரு அதுக்கு மேல வேலை பாக்குற எடத்துல க்ரெச் கட்டாயம்னு கொண்டு வந்தாங்க, அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போயி புள்ளைய பாத்துட்டு வரலாம்னும் அதுல இருக்கு. நல்ல சட்டம் தான். ஆனா திருவொத்தியூர்ல இருந்து சோழிங்கநல்லூருக்கு ஒன்றரை வயசுப் புள்ளைய கேப்ல எப்படி கூட்டிட்டுப் போவ? ராயபுரம், பேசின் பிரிட்ஜுனு நாலு பேரை ஏத்திக்கிட்டு சுத்தி சுத்தி போற வண்டி, ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரம், துரைப்பாக்கம் சிக்னல்ல நிக்கும்போது புள்ளை வாந்தி எடுத்தா மத்த மூணு பேரு மூஞ்சிய பாக்கணுமா. ஆபீஸ்ல இருக்குற க்ரெச்சு பெருங்குடியிலயும் காரப்பாக்கத்துலயும் வீடு இருக்குறவங்களுக்கு தான் சப்போர்ட்டு, எங்க பக்கத்து ஆளுக்கு அது ஒரு ஃபோட்டோ. புள்ளை க்ரெச்சு வீட்டுக்குப் பக்கத்துல இருக்கணும், அதுக்கு மாசா மாசம் இவ்ளோனு கம்பெனி காசா குடுத்தா கூட நல்லா இருக்கும், ஹெச்.ஆர்ல கேட்டுப் பாத்தா ‘பாலிசில இல்ல மேடம்’ன்ற பதில் தான்.

ரெண்டு நாளு வீட்லருந்து வேலைன்றது வேற விஷயம், அது மட்டும் நெசமா கெடைச்சா நான் ஓ.எம்.ஆர் பக்கம் கூட சாஞ்சிருப்பேன். ட்ரிப்.காம்னு சைனால ஒரு பெரிய ட்ராவல் கம்பெனி, அங்க ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவர் கூட இருந்தவங்களும் 1,612 பேரை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, பாதி பேருக்கு வாரத்துல ரெண்டு நாளு வீடு, மீதி பேருக்கு அஞ்சு நாளும் ஆபீஸ். 2024ல நேச்சர் பத்திரிகையில ரிசல்ட்டு வந்துச்சு, வேலைய விட்டுப் போறவங்க எண்ணிக்கை மூணுல ஒரு பங்கு கொறஞ்சது, வேலை தரமோ ப்ரமோஷனோ கொறையல. அதுவும் அந்தக் கொறைச்சல் யாருக்கு நல்லா தெரிஞ்சதுனா மேனேஜரா இல்லாதவங்க, பொண்ணுங்க, ரொம்ப தூரத்துல இருந்து வர்றவங்க. அப்படியே நம்ம சித்தி பொண்ணு தான், மூணும் பொருந்துது. ஆனா ஆஃபர் லெட்டர்ல அந்த வரியை நல்லா படிச்சா, கன்ஃபர்மேஷன் (வேலை நிரந்தரம்) ஆன அப்பறம், ‘பிசினஸ் தேவையைப் பொறுத்து’, டீம் லீடர் ஒப்புதலோடனு போட்டிருக்கு. மொத ஆறு மாசம் ட்ரெயினிங், தெனமும் ஆபீஸ் வரணும். ஆறு மாசம் கழிச்சு எந்த டீம், யாரு டீம் லீடர், ஒண்ணும் தெரியாது. இதை நம்பி புள்ளைய விட்டுட்டு நாலு மணி நேரம் ரோட்ல இருக்கறதா?

ஷிப்ட் வேற இருக்கு. மத்தியானம் பன்னெண்டு டு ஒம்போது வந்தா காலைல அந்த ஏழரை டு பத்து ஓட்டை தன்னால அடைஞ்சிரும், ஆனா வீடு வந்து சேர ராத்திரி பதினொண்ணு, புள்ளை முழிச்சிருக்குற நேரத்துல அவ காலைல ஒரு ரெண்டு மணி நேரம் பாத்தா உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல பொண்ணுங்கள வேலைல வெக்கணும்னா தமிழ்நாட்டுல எழுத்துல சம்மதம் வாங்கணும், வண்டி ஏற்பாடு பண்ணணும், அந்த சம்மத ஃபாரம் ஜாயினிங் அன்னிக்கே மத்த பேப்பர் கூட சேத்து நீட்டிருவாங்க, நீட்டுன எடத்துல எல்லாம் கையெழுத்து போட்டுட்டு வந்துருவோம்.

இதுல யாரும் யோசிக்காத ஒரு சமாச்சாரம் போனு. பிபிஓ ப்ரொடக்ஷன் ஃப்ளோர்ல மொபைல் உள்ள விட மாட்டான், லாக்கர்ல வெச்சுட்டு தான் போவணும், கஸ்டமர் டேட்டா இருக்கு, அவன் கஷ்டம் அவனுக்கு. காலைல பதினோரு மணிக்கு புள்ளைக்கு ஜுரம் ஏறி ஆயா போன் அடிச்சா லாக்கருக்குள்ள வைப்ரேட் ஆயிட்டு இருக்கும், இவ பிரேக்ல ஒரு மணிக்கு வந்து பாத்தா பதினாலு மிஸ்டு கால், அதுக்குள்ள ஆயா பக்கத்து வீட்டு பையன் பைக்ல புள்ளைய தூக்கிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க. இது கதை இல்ல, என் கூட காலேஜ் படிச்சவளுக்கு நடந்தது, கம்பெனி பேரு வேணாம். அவளுக்கு அந்த கம்பெனில மூணு லட்சத்துக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சு, மன அழுத்தத்துக்கு கவுன்சிலிங் ஹெல்ப்லைன் இருந்துச்சு, அவசரத்துக்கு அவள எழுப்பி விட ஒரு லேண்ட்லைன் நம்பர் இல்ல. அதனால எந்த இன்டர்வியூவுலயும் கடைசியா ‘எதாச்சும் கேக்கணுமா’னு கேப்பாங்க இல்ல, அப்போ கேக்க வேண்டிய மொத கேள்வி, வீட்லருந்து அவசரமா போன் வந்தா யாரு எடுப்பாங்க, என் சீட்டுக்கு எப்படி சொல்லுவாங்க.

மணலி ஃபேக்டரியிலயும் போன் செக்யூரிட்டி கிட்ட தான் குடுக்கணும், அதுல ரெண்டு எடமும் ஒரே மாதிரி தான். ஆனா அங்க டைம் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு லேண்ட்லைன் இருக்கு, அங்க ஒக்காந்திருக்குறவரு எக்ஸ்டென்ஷன் போட்டு டெஸ்பாட்ச்ல சொல்லிருவாரு. பழைய காலத்து ஏற்பாடு தான், வேலை செய்யுது. மணலியோட பெரிய பிளஸ் வேற. இஎஸ்ஐ.

இஎஸ்ஐனாலே நம்மாளுங்க மூஞ்சை சுளிப்பாங்க, டிஸ்பென்சரில கூட்டம், மாத்திரை ஒரே மாதிரி, அயனாவரம் ஆஸ்பத்திரில நாள் முழுக்க நிக்கணும்னு. நிக்கணும் தான். ஆனா கணக்கைப் பாருங்க. மாச சம்பளம் 21,000 வரைக்கும் இருக்குறவங்களுக்கு இஎஸ்ஐ, நம்ம கையில பிடிக்கறது 0.75 சதவீதம், கம்பெனி போடறது 3.25. அவளோட 19,500க்கு மாசம் 147 ரூபா பிடிப்பாங்க. அதுக்கு அவளுக்கும் புருஷனுக்கும் புள்ளைக்கும் வைத்தியம், அவ சம்பாத்தியத்தை நம்பி இருக்குற அப்பா அம்மாவுக்கும் உண்டு, ஒடம்பு முடியாம படுத்தா வருஷத்துல 91 நாளு வரைக்கும் 70 சதவீத சம்பளம். ரெண்டாவது புள்ளைக்கு ப்ளான் இருக்குனு அவளே சொல்றா, ரெண்டு வருஷத்துல. 26 வாரம் லீவு, முழு சம்பளம், அதுக்கு முன்னாடி இருக்குற ரெண்டு கான்ட்ரிப்யூஷன் பீரியட்ல (ஆறு மாசம் ஒரு பீரியட்) 70 நாளுக்கு பிடித்தம் போயிருந்தா போதும். மொத ரெண்டு புள்ளைக்கு தான் இந்த 26, மூணாவதுக்கு 12 வாரம்.

ஷீட்டு போடுறவளா உள்ள இருந்து ஒண்ணு சொல்றேன். 21,000க்கு மேல சம்பளம் இருந்தா அந்த 26 வார சம்பளத்தையும் கம்பெனியே தன் பாக்கெட்ல இருந்து குடுக்கணும். இஎஸ்ஐல இருந்தா அந்தப் பணம் இஎஸ்ஐ கார்ப்பரேஷன்ல இருந்து நேரா பேங்க் அக்கவுன்ட்டுக்கு வரும், கம்பெனிக்கு செலவு இல்ல. இதனால என்ன ஆகுதுனா, சின்ன கம்பெனி, நடுத்தர கம்பெனில கல்யாணம் ஆன சின்ன பொண்ணை 25,000க்கு எடுக்கும்போது ஓனர் மனசுல ஒரு கணக்கு ஓடும், வெளிய சொல்ல மாட்டாரு, ‘வேற கேண்டிடேட் செலக்ட் ஆயிட்டாங்க’ன்னு முடிச்சிருவாரு. பிரசவ லீவுல இருக்கறவள வேலைய விட்டுத் தூக்குறது சட்டப்படி தப்பு, ஆனா எடுக்காமலே இருக்கறதுக்கு எந்த சட்டம் வந்து கேக்கும்? இஎஸ்ஐ சம்பளத்துல இருக்குற பொண்ணுக்கு அந்தத் தொல்லை கம்மி, லீவு அப்ளிகேஷன் குடுத்தா மேனேஜர் மொகம் அவ்ளோ மாறாது. சம்பளம் கொறச்சலா இருக்கறதுல ஒரு லாபம் இருக்குன்னா நம்ப மாட்டீங்க, இது அது தான்.

மணலியோட மைனஸ், அந்த காலை நேரம். வேன் திருவொத்தியூர் தேரடி கிட்ட ஏழு நாப்பதுக்கு வருது, எட்டரைக்கு பஞ்ச், லேட்டா போனா அரை நாளு சம்பளம் கட்டு. வேலை நேரம் நிலையா இருக்கு, அஞ்சரைக்கு மேல கூப்ட்டா ஓ.டி. (ஓவர்டைம்) டபுள் சம்பளம், சாயங்காலம் ஆறரைக்கு வீட்ல இருப்பா, எல்லாம் சரி. ஏழரை டு பத்து என்ன பண்றது? எட்டரைய ஒம்போதரை ஆக்கித் தர்றீங்களானு கேட்டா ஃபேக்டரில சிரிப்பாங்க, லாரி லோடு ஏறுற நேரமே காலைல தான்.

நேரத்துக்காக சண்டை போடறது நம்ம ஏரியாவுக்கு புதுசும் இல்ல. 1918 ஏப்ரல்ல பெரம்பூர்ல சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க, பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க.வும் கூட இருந்தாரு, பின்னி மில் ஆளுங்க தான் அதுக்கு ஆணிவேரு. அந்த ஆளுங்க மொத மொத சொன்ன கொறைகள்ல ஒண்ணு மதியம் சாப்பாட்டுக்கு விடற நேரம் பத்தலைன்றது. கூலி கேட்டாங்க, அதோட நேரமும் கேட்டாங்க. 2023ல 12 மணி நேர வேலை மசோதா சட்டசபைல பாஸ் ஆகி, எல்லா பக்கமும் எதிர்ப்பு கெளம்புனதுல மே தினத்தன்னிக்கு வாபஸ்னு முதலமைச்சர் அறிவிச்சாரு இல்ல, அதுவும் இதே கணக்கு தான். அப்பறம் பெரிய கம்பெனி தலைவருங்க 70 மணி நேரம், 90 மணி நேரம் வேலை பாருங்கன்னு பேட்டி குடுத்துட்டுப் போறாங்க, அவங்க வீட்ல காலைல நாஷ்டா யாரு செய்யுறாங்கனு யாரும் கேக்கறதில்ல.

மண்ணடிக்கு வருவோம். மெட்ரோ ஏறுனா தேரடில இருந்து மண்ணடி, நடுவுல வண்டி மாத்த வேண்டாம், 2021 பிப்ரவரில விம்கோ நகர் வரைக்கும் லைன் வந்ததுல நம்ம பக்கத்து பொண்ணுங்களுக்கு கெடைச்ச பெரிய சப்போர்ட்டு அது தான், எந்த மொதலாளியும் குடுத்தது இல்ல. கொருக்குப்பேட்டை கேட்ல நிக்க வேணாம், எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி பின்னாடி பொகை குடிக்க வேணாம். பத்து மணிக்கு ஆபீஸ்னா ஒம்போதே காலுக்கு கெளம்புனா போதும், சித்தி வர்றதுக்கு முக்கா மணி நேரம் தான் ஓட்டை, அதை மாமியாரே சமாளிச்சிருவாங்க. போன் மேஜை மேலயே இருக்கும். ஜுரம்னா கெளம்பலாம். புள்ளைய ஒரு நாளு கூட்டிட்டு வந்தா கூட ஓனர் பிஸ்கட் வாங்கித் தருவாரு.

சின்ன சின்ன விஷயத்துக்கு இந்த மாதிரி மனுஷன் தான் வேணும், இதை ஆராய்ச்சி பண்ணவங்களும் சொல்றாங்க. 2011ல எல்லன் காசெக்கும் கூட இருந்தவங்களும் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேத்துப் பாத்ததுல, சூப்பர்வைசர் பொதுவா நல்லவரா இருக்கறதை விட, குடும்ப விஷயத்துல அவரு ஒத்தாசையா இருக்கறது தான் வேலை-வீடு இழுபறியைக் கொறைக்குதுனு வந்துச்சு. பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸ் தர்ற மேனேஜரும், ஸ்கூல் பிடிஏ மீட்டிங்குக்கு ரெண்டு மணி நேரம் பர்மிஷன் தர்ற மேனேஜரும் ஒண்ணு இல்ல. 1999ல இன்னொரு ஆய்வு, தாம்சன், போவெய், லைனஸ்னு மூணு பேரு பண்ணது, கம்பெனி எத்தனை சலுகை வேணா வெக்கட்டும், அதை எடுத்தா வேலைல கெட்ட பேரு வரும்னு ஆளுங்களுக்கு பயம் இருந்தா யாரும் அதைத் தொட மாட்டாங்கனு. நம்ம ஊர்ல இதுக்கு ஆய்வே வேணாம், ‘லீவு இருக்கு, ஆனா போட முடியாது’ன்றத எல்லாரும் ஒரு தடவயாச்சும் சொல்லிருப்போம்.

சரி, அப்போ மண்ணடியே போதுமேனு நீங்க கேக்கலாம், அவளும் கேட்டா. இங்க தான் நான் பிரேக் போட்டேன்.

எட்டு பேரு ஆபீஸ்னா என்ன அர்த்தம்? இஎஸ்ஐக்கு 10 பேரு வேணும், மகப்பேறு சட்டத்துக்கும் 10 பேரு வேணும், பிஎஃப்புக்கு 20 பேரு. ஆக சட்டம் வாசல்ல வந்து எண்ணிப் பாத்துட்டு திரும்பிப் போயிரும். கடைகள் நிறுவனங்கள் சட்டம் மட்டும் உண்டு, அதுல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 12 நாளு சிக் லீவு, 12 நாளு கேஷுவல் லீவு, ஒரு வருஷம் முடிஞ்சா சம்பளத்தோட 12 நாளு லீவு இருக்கு, ஆனா மண்ணடி, பாரிஸ் பக்கம் சின்ன ஆபீஸ்ல லீவு ரெஜிஸ்டர்னு ஒண்ணு இருந்து நான் ரொம்ப பாத்ததில்ல. ரெண்டாவது புள்ளைக்கு ஓனர் மூணு மாசம் லீவு தருவாரு, சம்பளம்? பாதி தருவாரோ, ‘திரும்பி வாம்மா உன் சீட்டு உனக்கு தான்’ன்னு சொல்லிட்டு நடுவுல வேற ஆளு போடுவாரோ, அது அவரோட மனசு. அரசாங்கத்துல முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 கெடைக்கும், பிரசவம் ஆர்எஸ்ஆர்எம் அரசு ஆஸ்பத்திரில பாத்துக்கலாம், நல்லா பாப்பாங்க, ஆனா அதெல்லாம் மொதலாளி கணக்குல வராது.

மனசுன்றது ஆளு கூட போயிரும். நான் முன்ன ஒரு ஆபீஸ்ல இருந்தேன், பெரியவரு இருந்த வரைக்கும் நாலரைக்கு ஸ்கூல்ல போயி புள்ளைய கூட்டிட்டு வந்து ஆபீஸ்ல ஒக்கார வெச்சிருக்கேன், அவரே ஹோம்வொர்க் சொல்லிக் குடுப்பாரு. அவரு ஒடம்பு முடியாம வீட்ல ஒக்காந்ததும் பையன் வந்தாரு, வந்த வாரத்துலயே பயோமெட்ரிக் மாட்டினாரு, பத்து நிமிஷம் லேட்டுக்கு கட்டு, ‘இது ஆபீஸா இல்ல பால்வாடியா’னு ஒரு கேள்வி. அவரு சட்டப்படி ஒரு தப்பும் பண்ணல, எனக்கு முன்ன கெடைச்சது எல்லாம் தயவுல வந்தது தான், எழுத்துல எதுவும் இல்ல. கிளியரிங் தொழில்ல வேற, கப்பல் கட்-ஆஃப் (சரக்கு வேலைய முடிக்க வேண்டிய கடைசி நேரம்) இருக்குற நாளுல ஷிப்பிங் பில் (ஏற்றுமதி சுங்க பேப்பர்) ஃபைல் ஆகற வரைக்கும் யாரும் எழுந்திருக்க முடியாது, ஓனர் எவ்ளோ தங்கமா இருந்தாலும் கஸ்டம்ஸ் சர்வர் தங்கமா இருக்காது, ராத்திரி எட்டு ஒம்போது சர்வ சாதாரணம், ஓ.டி.னு ஒண்ணும் கெடையாது.

அதனால எனக்கு தோணுறது, மொதலாளி தர்ற ஒத்தாசைல ரெண்டு ஜாதி இருக்கு. தெனப்படி வர்ற தொல்லைக்கு, ஜுரம், பிடிஏ மீட்டிங், தண்ணி லாரி வர்ற நேரம், இதுக்கெல்லாம் பக்கத்துல இருக்குற மேலதிகாரி மனசு தான் மருந்து, எந்த சட்டமும் அந்த நேரத்துக்கு வந்து நிக்காது. பிரசவம், ஆபரேஷன், அப்பாவுக்கு பக்கவாதம்னு பெருசா ஒண்ணு வந்தா மனசு ஒரு மாசம் தாங்கும், ஆறு மாசம் தாங்காது, அங்க பேப்பர் தான் தாங்கும். அடுத்த மூணு நாலு வருஷத்துல வீட்டுக்கு எது வரப் போவுதுன்னு பாத்து தேர்ந்தெடுக்கணும். பெரிய புள்ளைங்க இருந்து, இன்னொரு பிரசவம் இல்லனு முடிவு பண்ண பொண்ணா இருந்தா நான் யோசிக்காம மண்ணடினு சொல்லிருப்பேன். இவளுக்கு ரெண்டாவது புள்ளை வரப் போவுது, அம்மாவுக்கு சுகர் இருக்கு, மணலி தான் கைகொடுக்கும்.

இடையில ரெண்டு ஐடியா வேற வந்துச்சு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைல கேஷ் கவுன்ட்டர், வீட்டுக்குப் பக்கம், ஆனா ஆடி, தீபாவளி, பொங்கல்னு எப்போ வீட்ல ஆளு வேணுமோ அப்போ தான் அங்க லீவு கெடையாது, கடை மூட ராத்திரி ஆயிரும். நிக்கிற வேலைக்கு ஸ்டூல் போடணும்னு 2021ல சட்டம் வந்ததே அந்த வேலை எப்படினு சொல்லிருது. இன்னொண்ணு வீட்லருந்தே டேட்டா என்ட்ரி, மொதல்ல 2,000 டெபாசிட் கட்டுங்கன்றான், அதைப் பத்தி பேசவே வேணாம்.

மணலின்னா அந்த ஏழரை டு பத்து? இதுக்கு பதில் அவ ஆபீஸ்ல இல்ல, அவ புருஷன் யார்டுல இருக்கு. மூணு ஆஃபரையும் அலசி ஆராய்ஞ்ச அத்தன பேரும் மாப்ளையோட வேலைய ஒரு வார்த்தை கேக்கல. 2024 காலப்பயன்பாட்டு சர்வேல நம்ம நாட்டுல வீட்டு வேலை செய்யுற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம்னு வந்திருக்கு, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் எதிர் ஒன்றரை மணி நேரம். அதுல பாதி பழக்கம், மீதி பாதி ஆம்பளைங்க வேலை செய்யுற எடம் அவங்களுக்கும் ஒரு புள்ளை இருக்குன்னே கணக்குல எடுத்துக்கறதில்ல. மத்திய அரசு வேலைல அப்பாவுக்கு 15 நாளு லீவு இருக்கு, ப்ரைவேட்ல அப்பாவுக்கு லீவு தரணும்னு சட்டமே இல்ல. யார்டுல அவருக்கு செகண்ட் ஷிப்ட், மத்தியானம் ரெண்டு டு பத்து, ஃபிக்ஸ் பண்ணித் தந்தாங்கன்னா காலைல பத்து வரைக்கும் புள்ளை அப்பாகிட்ட, அப்பறம் ஆயாகிட்ட, ஆறரைக்கு அம்மாகிட்ட. செகண்ட் ஷிப்ட் யாருக்கும் புடிக்காது, அதனால கேக்குறவனுக்கு சுலபமா கெடைக்கும்.

இதுல ஒரு கஷ்டம் இருக்கு, மறைக்க வேணாம். புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் எதிரெதிர் ரயில் மாதிரி க்ராஸ் பண்ணிக்கிட்டு இருப்பாங்க, ஞாயித்துக்கெழம தான் சேந்து சாப்பாடு, அதுவும் யார்டுல ஞாயிறு ட்யூட்டி விழாம இருந்தா. புள்ளைக்கு ஆளு இருக்கும், கல்யாணத்துக்கு நேரம் இருக்காது. க்ரீன்ஹாஸ், பியூட்டல்னு ரெண்டு பேரு 1985லயே இதைப் பிரிச்சு வெச்சிருக்காங்க, நேரம் இடிக்கிறது ஒண்ணு, வேலை அலுப்பு வீட்டுக்கு வர்றது ஒண்ணு, வேலைல பழகுன நடத்தை வீட்டுக்கு வர்றது ஒண்ணு. ஷிப்ட் ஃபிக்ஸ் பண்ணா மொதல்ல சொன்னது மட்டும் தான் தீரும். அலுப்பு அப்படியே தான் இருக்கும். மூணாவதுக்கு பிபிஓ தான் பெரிய உதாரணம், லோன் கலெக்ஷன் ப்ராசெஸ்ல இருந்த ஒரு பொண்ணு எனக்குத் தெரியும், வீட்ல புள்ளை பால் குடிக்கலனா கூட ‘எப்போ முடிப்பீங்க, டைம் சொல்லுங்க’ன்ற அதே கொரல்ல கேக்கும், அது புள்ளைய பாத்து கேக்கறதுன்னு அதுக்கே தெரியாது.

ஆக நான் சொன்ன வரிசை: மணலி, யார்டுல ஷிப்ட் கெடைச்சா. கெடைக்கலனா மண்ணடி, ஆனா ஓனர்கிட்ட லீவு எத்தனை, பிரசவத்துக்கு என்ன தருவீங்க, கட்-ஆஃப் நாளுல எத்தனை மணிக்கு அனுப்புவீங்கனு லெட்டர்ஹெட்ல ஒரு பக்கம் எழுதி வாங்கிட்டு, நல்ல மனுஷன் தர மாட்டேன்னு சொல்ல மாட்டாரு, கேக்கறதுக்கு நமக்கு தான் கூச்சம். ஓ.எம்.ஆர் வேணாம், அந்த ரெண்டு நாளு வீட்லருந்து வேலைய மொத மாசத்துல இருந்தே எழுதித் தந்தா ஒழிய. சம்பளத்துல 4,500 வித்தியாசம் வருதேனு மாப்ள முனகுறாரு, சரி, ராத்திரி பதினொண்ணு மணிக்கு வர்றவளுக்கு ஓட்டல் சாப்பாடு, காலை நேரத்துக்கு ஆளு வெச்சா அவங்களுக்கு சம்பளம், மாசத்துல ரெண்டு மூணு நாளு லாஸ் ஆஃப் பே (சம்பளம் பிடிக்கற லீவு), இதையெல்லாம் கழிச்சுட்டு வாங்கனு சொன்னேன், இன்னும் வரல.

மணலி ஹெச்.ஆருக்கு ரெண்டு கேள்வி மெயில்ல போடச் சொன்னேன், இஎஸ்ஐ நம்பர் ஜாயினிங் அன்னிக்கே போடுவீங்களா, அவசரத்துக்கு டைம் ஆபீஸ் நம்பர் வீட்டுக்குத் தரலாமா. ரெண்டுக்கும் ஆமான்னு அன்னிக்கு சாயங்காலமே பதில் வந்துருச்சு. மண்ணடி ஓனர் மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. யார்டு சூப்பர்வைசர் தான் ‘ரோஸ்டர் போடும்போது பாக்கலாம்’னு இழுத்துட்டு இருக்காரு, மாப்ளைய இந்த வாரம் வாயால கேக்காம எழுதிக் குடுக்கச் சொல்லிருக்கேன்.